முதுகின் வரலாறு: போடி மலைச்சரிவில் மூட்டை கட்டியவர்கள்

போடிநாயக்கனூரிலிருந்து தெற்கே தேவாரம் செல்லும் சாலையில் உள்ள ஊர் சிலமலை. தோட்டங்களும் மானாவாரிக் காடுகளுமாகக் கிடக்கும் அந்தச் சமவெளியில் நின்று மேற்கே பார்த்தால் மலைத்தொடர் ஒரு நெடுஞ்சுவர்போல எழுந்து நிற்கும். சுவருக்கு இப்பக்கம் தமிழகம். முகட்டைத் தாண்டினால் கேரளத்தின் ஏலமலை. போடி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முகட்டில் இருக்கும் போடிமெட்டு ஏறத்தாழ 1,400 மீட்டர். இடைப்பட்ட ஆயிரம் மீட்டர் ஏற்றத்தில்தான் இந்த வட்டாரத்தின் வரலாற்றில் பெரும்பகுதி நடந்திருக்கிறது. அதை ஆண்டவர்களின் பெயர்களைக் கொண்டு எழுதலாம். பயிர்களின் பெயர்களைக் கொண்டும் எழுதலாம். நாம் இங்கே எடுத்துக்கொள்வது மூட்டையை. மலைக்குப் போனவர்கள் எதைக் கட்டிக்கொண்டு போனார்கள், அதை யார் சுமந்தார்கள் என்கிற கேள்வி எளியதாகத் தோன்றினாலும் அதற்கான விடை நம்மை வெகுதூரம் அழைத்துச் செல்கிறது.

இந்தக் கேள்விக்கு ஒரு நிகழ்காலக் காரணமும் உண்டு. கடந்த சில பத்தாண்டுகளில் மலையேற்றமும் காட்டில் தங்குவதும் நகரத்து இளைஞர்களின் விருப்பமாகிவிட்டன. கூடாரம், உறக்கப் பை, நெற்றியில் கட்டும் விளக்கு, உலர்ந்த உணவு, தண்ணீர்ப் புட்டி என்று பட்டியல் போட்டு முதுகுப்பையை நிரப்பும் முறை பரவலாகியிருக்கிறது. பட்டியலில் விடுபட்டது எது என்று தேடும் பழக்கமும் அதோடு சேர்ந்தே வந்திருக்கிறது. ஆனால் மலைக்கு மூட்டை கட்டுவதில் தமிழர்க்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் இருக்கிறது என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

*

'கலப்பை' என்றால் இன்று நமக்கு ஏர் மட்டுமே நினைவுக்கு வரும். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாத்தில் அச்சொல்லுக்கு வேறு பொருள். கலங்களை, அதாவது இசைக்கருவிகளை, இட்டுக் கட்டிய பை அது. பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகளைக் கொண்ட இந்த ஆற்றுப்படையின் தொடக்கமே ஒரு மூட்டை கட்டும் காட்சிதான். முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை என்று கருவிகள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணப்படுகின்றன. சுமை இருபுறமும் ஒத்த எடையாக இருக்கும்படி பைகள் கட்டப்பட்டிருக்கின்றன. பலாமரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவதைப்போல அவை தொங்குகின்றன. எடையைச் சமமாகப் பகிர்ந்து கட்ட வேண்டும் என்பது இன்றைய முதுகுப்பைக் கையேடுகள் முதலில் சொல்லும் பாடம். அந்தக் கூத்தர் குழு அதை அறிந்திருந்தது.

நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அந்தப் பையில் இல்லாதது. கூத்தர்கள் தம் தொழிலைக் கட்டிக்கொண்டு போகிறார்களே தவிர உணவைக் கட்டிக்கொண்டு போவதாகப் பாடல் சொல்லவில்லை. உணவு வழியில் இருக்கிறது. இந்தச் சிற்றூரில் இன்னது கிடைக்கும், அந்தக் குடியில் இன்னார் இன்னது தருவர் என்று முன்னே போய் வந்தவன் பின்னே வருபவனுக்குச் சொல்கிறான். அதோடு எச்சரிக்கைகளையும் அடுக்குகிறான்: பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும் வழி, தினைப்புனம் காப்போர் யானையை விரட்டக் கவணில் எறியும் கல், பாம்பு கிடக்கும் பள்ளம், பாசி படிந்து வழுக்கும் பாறை. நூலின் பெரும்பகுதி இந்த வழிச் செய்திகளே. மலைப்பயணத்துக்கு வேண்டியவற்றைப் பையில் கொண்டு போவன, பிறர் வாய்ச்சொல்லாகக் கொண்டு போவன என்று இரண்டாகப் பிரித்தால், மலைபடுகடாம் இரண்டாவதற்கே மிகுதியான இடம் தருகிறது எனலாம்.

நன்னனின் மலை செங்கத்துப் பக்கம் உள்ளது, போடியிலிருந்து வெகுதொலைவு. எனினும் இந்த இரட்டைக் கணக்கை மனத்தில் கொண்டு போடிச் சரிவுக்குத் திரும்பினால், அங்கே நடந்த பலவற்றுக்கு விளக்கம் கிடைக்கிறது.

*

இந்தச் சரிவில் சுமையைத் தம் பெயராகவே கொண்ட மக்கள் முதுவர். மதுரையிலிருந்து வெளியேறி மலையேறியதாக அவர்களிடையே வழங்கும் கதைகள் பல. ஒரு கதையில் குழந்தைகளை முதுகில் கட்டிச் சுமந்து வந்தார்கள். இன்னொன்றில் மீனாட்சியின் திருவுருவைச் சுமந்து வந்தார்கள். முதுகில் சுமந்ததால் முதுவர் ஆனோம் என்பது அவர்கள் தரும் விளக்கம். எட்கர் தர்ஸ்டனும் கே. ரங்காச்சாரியும் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் இந்தப் பெயர்க்காரணம் பதிவாகியிருக்கிறது. சொல்லாராய்ச்சி இதை ஏற்குமா என்பது வேறு. ஒரு சமூகம் தன் தோற்றத்தை ஓர் அரசனிடமிருந்தோ ஒரு தெய்வத்திடமிருந்தோ தொடங்காமல் ஒரு சுமையிலிருந்து தொடங்குகிறது என்பதுதான் நம் கவனத்துக்குரியது. மலையேறுவோர் உலகெங்கும் தம் பைக்கு வழங்கும் 'ரக்சாக்' என்ற பெயரும் முதுகைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லிலிருந்தே பிறந்தது. இரு வேறு மொழிகள் ஒரே உடலுறுப்பில் வந்து நிற்கின்றன.

மலையில் வாழ்பவரின் மூட்டை சிறியது. வெட்டுக்கத்தி, தீ மூட்ட ஏதேனும் ஒன்று, கொஞ்சம் கேழ்வரகு, உப்பு, புகையிலை, கம்பளி. கூரைக்கும் படுக்கைக்கும் இலையும் புல்லும் மூங்கிலும் காட்டிலேயே உண்டு. எங்கே நீர் வற்றாது, எந்த மாதத்தில் எந்தப் புல் காயும், யானை எந்த வழியில் இறங்கும் என்ற அறிவுதான் அவருடைய மூட்டையைச் சிறியதாக்குகிறது. அறிந்தது கூடக்கூடச் சுமக்க வேண்டியது குறைகிறது. காட்டில் கிடைக்காத ஒன்று உப்பு. அதற்காக அவரும் சமவெளியை நோக்கி இறங்கியே ஆக வேண்டும்.

சமவெளியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஏறியவர்களின் மூட்டை வேறுவகை. ஏலம் மழைக்காட்டின் நிழலில் வளர்வது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அது திருவிதாங்கூர் அரசின் ஏகபோகமாக இருந்தது. பயிரிட்டவர்களிலும் வேலைக்குப் போனவர்களிலும் பலர் போடி, கம்பம், உத்தமபாளையம் பகுதித் தமிழர்கள். காய் எடுப்பு ஒரே நாளில் முடிவதில்லை. ஒரு பருவத்தில் நாற்பது நாற்பத்தைந்து நாள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் எடுக்க வேண்டும். எனவே ஏறியவர்கள் வாரக்கணக்கில் மலையிலேயே தங்க வேண்டியிருந்தது. அரிசியும் பருப்பும் உப்பும் மிளகாயும் கீழிருந்தே போயின.

இங்கே ஒரு எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் 25 கிலோ தானியத்தைத் தலையில் சுமந்து ஏறுகிறார் என்று கொள்வோம். நாளுக்கு முக்கால் கிலோ வீதம் தாமே உண்டால் அது 33 நாள் வரும். சுமக்காமல் காயெடுக்கும் மூவரோடு பகிர்ந்தால் எட்டே நாளில் தீர்ந்துவிடும். அதனால் பாதையில் ஆட்களும் கழுதைகளும் ஓயாமல் ஏறிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. இறங்கும் சுமை இதற்கு நேர்மாறு. நாலைந்து கிலோ பச்சைக்காயை உலர்த்தினால் ஒரு கிலோ ஏலக்காய்தான் தேறும். ஆகவே மலையிலேயே உலர்த்தி, எடையைக் குறைத்துக்கொண்டு இறங்கினார்கள். எடை மிகுந்து விலை குறைந்த பொருள் ஏறியது. எடை குறைந்து விலை மிகுந்த பொருள் இறங்கியது. போடி ஒரு வணிக நகரமானதற்கு இந்த ஏற்ற இறக்கக் கணக்கு ஒரு முக்கியக் காரணம். ஏலக்காயின் ஏலம் இன்றும் அவ்வூரில் நடக்கிறது.

இரு தட்பவெப்பங்களுக்கும் சேர்த்து மூட்டை கட்டவேண்டியிருந்தது இன்னொரு சிக்கல். தென்மேற்குப் பருவமழை முகட்டின் மேற்குப் பக்கத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் கிழக்கே வரும். போடிப் பக்கச் சரிவு வறண்டு கிடக்க, அரை நாள் நடை தூரத்தில் அட்டைகள் நெளியும் ஈரக்காடு இருக்கும். கீழே வெயிலுக்குத் தலைத்துண்டு போதும். மேலே கம்பளியும் சாக்கை மடித்துத் தலைமேல் கவிழ்க்கும் கொங்காணியும் வேண்டும். அட்டைக்குப் புகையிலையோ சுண்ணாம்போ உப்போ கையிருப்பில் இருக்க வேண்டும். மழைக்காலத்து மலைக்காய்ச்சலுக்கு மட்டும் கட்டிக்கொண்டு போக எதுவும் இல்லாதிருந்தது.

சுமப்பவரின் கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். தலைக்கும் சுமைக்கும் இடையே சும்மாடு. வழியில் சுமைதாங்கிக் கல்: இரண்டு நடுகல், மேலே குறுக்காக ஒரு பலகைக்கல், தோளுயரம். தலைச்சுமையைத் தனியாள் இறக்கிவிடலாம். ஆனால் தரையிலிருந்து தனியே தூக்கித் தலையில் ஏற்ற முடியாது. தோளுயரக் கல்லில் வைத்தால் பிறர் கை தேவைப்படாது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக இக்கல்லை நடும் வழக்கம் தமிழகத்தில் பரவலாக இருந்தது. இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவளின் பெயரால் பிறர் சுமையை இறக்கி வைக்க ஓர் இடம். மூட்டை சுமப்பவரைப் பற்றி இவ்வளவு நுட்பமாக எண்ணிய சமூகம், அவரது பெயரைக் குறித்துவைக்கவில்லை.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மலைகளுக்குப் புதுவகை மூட்டைகள் வந்தன. முதலில் வந்தவை அளவைக் கருவிகள். வார்டு, கானர் என்னும் இரு படை அதிகாரிகள் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்து விரிவான குறிப்பு எழுதினார்கள். உயர்மலைகளும் அதில் அடக்கம். இந்த அளவைகளுக்கு அடித்தளமாக அமைந்த லாம்டனின் முக்கோண அளவையில் பயன்பட்ட பெரிய தியோடலைட் கருவி அரை டன் எடையுள்ளது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி மீண்டது அது. 1808-இல் தஞ்சைப் பெரியகோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து சேதமடைந்தது. பிறகு லாம்டன் அதைச் செப்பனிட்டு மீண்டும் பயன்படுத்தினார். மலைச்சரிவுகளுக்கு இத்தனை பெரிய கருவியைக் கொண்டுபோக இயலாது; சிறிய கருவிகளும் கூடாரங்களும் உணவும் போயின. அவற்றைச் சுமந்தவர்களும் வழி வெட்டியவர்களும் உள்ளூர் ஆட்கள்.

அடுத்து வந்தவர்கள் வேட்டைக்காரர்களும் தோட்டக்காரர்களும். ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து 1877-இல் உயர்மலை நிலத்தைக் குத்தகைக்குப் பெற்றார். 1879-இல் அந்த நிலத்தில் பயிரிட ஒரு சங்கம் அமைந்தது. இப்பகுதிக்கு வழங்கும் கண்ணன் தேவன் என்ற பெயர் வழிகாட்டிய முதுவர் தலைவர் ஒருவருடையது என்று சொல்லப்படுகிறது. தேயிலைப் பொட்டலத்தில் அச்சாகி உலகெங்கும் போன அந்தப் பெயர், ஒரு வழிகாட்டியின் பெயர்.

இக்காலத்து ஆங்கிலேயப் பயணியின் மூட்டையைப் பிரான்சிஸ் கால்டன் 1855-இல் வெளியிட்ட பயணக்கலை நூலில் காணலாம். கூடாரம், தீ, சுமை விலங்கு, சுமையாள் என்று ஒவ்வொன்றுக்கும் அறிவுரைகள். சுமையாளும் அங்கே உபகரணங்களோடு சேர்ந்து வருகிறார். பிறகு 1908-இல் ஹோல்டிங் என்பவர் முகாமிடுவோர் கையேட்டை எழுதியபோது நிலைமை மாறியிருந்தது. இது பொழுதுபோக்குக்காகக் காட்டில் தங்குபவருக்கான நூல். எடை குறைந்த கூடாரம், எடை குறைந்த அடுப்பு. தன் சுமையைத் தானே சுமக்கும் பயணி தோன்றிவிட்டார். அது நல்ல மாற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் சுமையாளைப் பட்டியலிலிருந்து நீக்கியபோது, அவர் தலைச்சுமையோடு சேர்த்துக் கொண்டுவந்த வழியறிவும் பட்டியலிலிருந்து போய்விட்டது.

அதே காலத்தில் போடிச் சரிவில் பொழுதுபோக்குக்காக அல்லாமல் ஆயிரக்கணக்கானோர் மூட்டையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் திரட்டிய மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதி மக்களில் பலர் போடி வந்து, கொட்டக்குடி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். ஒரு குடும்பம் மொத்தமும் ஒரு மூட்டை. குளிருக்குக் கம்பளி வேண்டும். அதன் விலை முன்பணக் கடனோடு சேர்ந்துகொள்வது தென்னிந்தியத் தோட்டங்களிலும் இலங்கையிலும் இருந்த வழக்கம். மூட்டையில் இருந்த ஒரே கதகதப்பான பொருள் கடனாகவும் இருந்தது. மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழி நடந்த இலங்கைத் தோட்டத் தமிழரின் மூட்டையும் இதுவே.

தேயிலை இறங்கும் வழியோ மெல்ல மெல்ல இயந்திரமயமாயிற்று. 1902-இல் மூணாறு பக்கத்திலிருந்து டாப் ஸ்டேஷன் வரை மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைந்தது. 1908-இல் அது சிறிய ரயில் பாதையாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடப் பாதையில் கொட்டக்குடிக்கு இறங்கின. அங்கிருந்து வண்டியில் போடிக்கு. மலை உச்சியும் அடிவாரமும் டாப் ஸ்டேஷன், பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர் பெற்றது இவ்வாறே. பெட்டிகள் வடத்தில் மிதந்து இறங்கிய அதே சரிவில் மனிதர்கள் நடந்து ஏறினார்கள். 1924-இன் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்தது; அது மீண்டும் கட்டப்படவில்லை. மதுரை–போடி ரயில் 1928-இல் வந்தது. அகலப்பாதைக்காக 2010-இன் இறுதியில் நின்று, 2023-இல் போடிக்கு மீண்டும் ஓடத் தொடங்கியது. இன்று சிலமலை போன்ற அடிவாரத்து ஊர்களிலிருந்து பெண்கள் விடியலில் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போய் மாலையில் திரும்புகிறார்கள். மாதக்கணக்கு மூட்டை ஒருவேளைச் சோற்றுத் தூக்குவாளியாகச் சுருங்கிவிட்டது.

*

2018 மார்ச் 11. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்த மலையேற்றக் குழுவினர் கொழுக்குமலையிலிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தனர். பெண்களும் இளைஞர்களுமே மிகுதி. சரிவின் காய்ந்த புல்லில் தீ ஏறியது. மொத்தம் 23 பேர் உயிரிழந்தனர்.

அவர்களின் முதுகுப்பைகளில் தண்ணீர் இருந்திருக்கும், உணவும் போர்வையும் இருந்திருக்கும். பொருட்பட்டியலில் குறை காண்பது இங்கே பொருளற்றது. இறந்தவர்மேல் குறை காண்பது அறமுமன்று. அவர்கள் பணம் கட்டி நம்பி வந்தவர்கள். இல்லாதிருந்தது மலைபடுகடாத்தின் இரண்டாம் பகுதி: மார்ச் மாதத்துக் கிழக்குச் சரிவு எப்படியிருக்கும், புல்லில் தீ எந்தத் திசையில் எவ்வளவு விரைவாக ஏறும், எந்தப் பாறைவெளிக்கு ஒதுங்க வேண்டும் என்று அந்தச் சரிவை அறிந்த ஒருவர் சொல்லும் சொல். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு முடிந்துவிடும். அதன்பின் மூன்று மாத வெயிலில் முகட்டின் மேற்குப் பக்கம் பச்சையாக இருக்கும்போதே கிழக்குப் பக்கம் சருகாகிவிடுகிறது. பச்சையான இடத்தில் இரவு தங்கியவர்களுக்குச் சருகின் நிலை தெரியாமல் போவது இயல்பு. அதைத் தெரிந்து சொல்வது அழைத்து வருபவரின் கடமை. பாதையைத் திறப்பதும் மூடுவதும் அரசின் கடமை.

அன்று மாலை முதலில் ஓடிச்சென்றவர்கள் குரங்கணியைச் சுற்றியிருந்த ஊர்க்காரர்களும் மலைவாழ் மக்களும் தோட்டத் தொழிலாளர்களும். விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்து சேர்வதற்கு முன்பே, இருட்டில், போர்வைகளைத் தொட்டிலாகக் கட்டி, தீக்காயம்பட்டவர்களைத் தோளில் சுமந்து இறக்கினார்கள். அந்தச் சரிவில் மனிதர் மனிதரைச் சுமந்த கதை முதுவரின் தோற்றக் கதையோடு முடிந்துவிடவில்லை.

அதன்பின் தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது பாதைகளை முறைப்படுத்தித் திறந்தபோது, மலைவாழ் மக்களிலிருந்தும் அடிவாரத்து ஊர்களிலிருந்தும் இளைஞர்களைத் தேர்ந்து பயிற்றுவித்து வழிகாட்டிகளாக அமர்த்தியது. காட்டுத்தீக் காலத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. இது காலம் தாழ்ந்து வந்த ஏற்பாடு, எனினும் சரியானது. வழிகாட்டிக்குத் தரும் கூலியை மலையேறுவோர் பலர் வீண்செலவாகக் கருதுவதை நாம் கேட்டிருக்கிறோம். ஒரு நல்ல முதுகுப்பைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயங்காதவர்கள் அவர்கள்.

எனவே அடுத்த முறை பட்டியல் எழுதும்போது கூடாரத்துக்கும் விளக்குக்கும் முன்னே முதல் வரியில் வழிகாட்டியின் பெயரை எழுதலாம். கண்ணன் தேவன் என்று ஒருவர் பெயரை மட்டும் பொட்டலத்தில் அச்சிட்டு, மற்றவர் எல்லாரையும் பெயரின்றி விட்டுவிட்டது பழைய வரலாறு. இன்று அந்தப் பெயரை நேரில் கேட்டு எழுதிக்கொள்ள முடியும். அதோடு, இந்த மாதத்தில் மலை எப்படியிருக்கிறது என்றும் அவரிடமே கேட்டுவிட்டுப் பையைக் கட்டலாம்.